மேற்படி என்றொரு ஊர்

பேராண்டி, ஒரு சந்தேகம். கீரமங்கலம் எனக்குத் தெரியும், கொத்தமங்கலம் தெரியும், வடகாடு தெரியும். அங்கிட்டு பேராவூரணி, இங்கிட்டு ஆலங்குடி, எல்லாம் சைக்கிள் மிதிச்சுப் போய் மொய் செஞ்ச ஊருங்கதான். இந்த 'மேற்படி'ங்கிற ஊரு எங்கே இருக்கு? நம்ம குடும்பத்துக்கு அதிகமா மொய் வச்சது அந்த ஊருதான்னு உன் லேப்டாப் சொல்லுது. கலர் கலரா வட்டம் போட்டு வேற காட்டுது. பாவம், அவ்வளவு செஞ்ச ஊருக்கு நாம ஒரு பத்திரிகைகூட வச்சதில்லையே!

சிரிக்காதே, உன் அப்பாயி முழிச்சுக்குவா. விஷயத்தைக் கேளு. மொய் நோட்டுல மேலே ஒரு தடவை 'வடகாடு'ன்னு எழுதிட்டு, கீழே வர்றவங்களுக்கெல்லாம் 'மேற்படி, மேற்படி'ன்னு எழுதிக்கிட்டே போவோம். கூட்டம் நெருக்கும், பின்னால பந்தி காத்திருக்கும், யாருக்கு நேரம்? அதைப் படிக்கிறவனுக்கு மேலே பார்க்கத் தெரியும். எக்ஸெலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதுக்கு ஒவ்வொரு வரியும் தனி ஆளு. நீ பெரிய படிப்பு படிச்ச வேகத்துல நோட்டுல இருந்ததை அப்படியே அடிச்சு, பிவட் டேபிளையும் போட்டுட்டே. அதுவும் மரியாதையா மேற்படிக்காரங்களை எல்லாம் ஒரே ஊராச் சேர்த்துக் கொடுத்துருச்சு.

இதைச் சரி பண்ண ஒவ்வொரு வரியா உக்காந்து அடிக்காதே. முதல்ல ஊருப் பேரு இருக்கிற காலத்தை, அதான் அந்த நெட்டு வரிசையை, மட்டும் செலக்ட் பண்ணி, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்ல மேற்படியைத் தேடி, பதிலுக்கு ஒண்ணும் போடாம விடு. எல்லாம் வெறும் கட்டமாயிரும். அப்புறம் எஃப்5 தட்டு, 'ஸ்பெஷல்'ங்கிறதுக்குள்ள போ, 'பிளாங்க்ஸ்'னு சொல்லு. வெறும் கட்டம் எல்லாம் மொத்தமா செலக்ட் ஆகும். இப்ப மவுஸைத் தொடாம ஒரு சமக்குறி போடு, மேல்பக்க அம்புக்குறியை ஒரு தடவை தட்டு, அப்புறம் கன்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு என்டர். வெறும் என்டர் இல்ல, கன்ட்ரோலோட. ஒவ்வொரு கட்டமும் தனக்கு மேலே இருக்கிற ஊரை வாங்கிக்கும். அதோட எழுந்து காபி குடிக்கப் போயிராதே. அது இப்போ ஃபார்முலாவா நிக்குது. வரிசையைக் கலைச்சுட்டா புதுசா மேலே வந்து உக்கார்றவன் ஊரை எடுத்துக்கும். அந்தக் காலத்தை காப்பி பண்ணி, அதே இடத்துல பேஸ்ட் ஸ்பெஷல் போய் 'வேல்யூஸ்'னு ஒட்டிரு. அப்பதான் வடகாடு வடகாடா நிக்கும்.

தாத்தனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு உன் கண்ணு கேக்குது. சொசைட்டியில கணக்கு எழுதினப்போ கம்ப்யூட்டர் வந்துச்சு. மத்தவனெல்லாம் அதுக்குச் சந்தனம் குங்குமம் வச்சுத் தள்ளி நின்னான். நான் மட்டும் பக்கத்துல உக்காந்தேன், வேற நாற்காலி இல்லாததால.

மொய் எழுத உக்கார்ற ஆளு என்ன பண்ணுவான்? 'முருகேசன், ஐநூறு'ன்னு சொன்னதும் பேனாவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, 'எந்த முருகேசன்? டீக்கடையா, வாத்தியார் மகனா?'ன்னு கேப்பான். கேட்டுத்தான் எழுதுவான். உன் எக்ஸெல் பேனாவைத் தூக்கவே தூக்காது. எதைப் போட்டாலும் சரிங்கன்னு வாங்கி வச்சுக்கும். நீயும் அது கேக்காததால எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுக்கிட்டே. அதைக் கேக்க வைக்கத் தெரியணும் பேராண்டி. மத்ததெல்லாம் கலர் அடிக்கிற வேலை.

தொகையைப் பாரு. உன் கூட்டல் வர்றதுக்கும் என் நோட்டுக் கூட்டலுக்கும் நல்ல வித்தியாசம். நீ என் கூட்டலைச் சந்தேகப்பட்டே. பெரியவங்க கண்ணு மங்கியிருக்கும்னு உன் பொண்டாட்டிகிட்டச் சொன்னதும் எனக்குக் கேட்டுச்சு, காது மங்கலை. நோட்டுல '500/-'ன்னு நான் எழுதினதை நீயும் கோடு குறியோட '500/-'ன்னே அடிச்சிருக்கே. சில இடத்துல 'ரூ.1001'. எக்ஸெலுக்கு அது எண்ணே இல்ல, எழுத்து. எழுத்தை 'சம்' கூட்டாது. கூட்டலைன்னு சொல்லவும் செய்யாது. கமுக்கமா விட்டுட்டு மிச்சத்தைக் கூட்டிக் கொடுத்துரும்.

பிடிக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு. தொகைக் காலத்துக்குக் கீழே ரெண்டு ஃபார்முலா போடு. 'கவுன்ட்' எண்களை மட்டும் எண்ணும். 'கவுன்ட்-ஏ' காலியா இல்லாத எல்லாத்தையும் எண்ணும். ரெண்டும் ஒண்ணா வந்தா நிம்மதி. வரலைன்னா, எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு பேரு எழுத்து வேஷத்துல உக்காந்திருக்கான். கண்ணாலயும் பிடிக்கலாம். எண் தானா வலது பக்கம் ஒதுங்கும், எழுத்து இடது பக்கம் ஒதுங்கும். ஆனா நீ அழகா இருக்கட்டும்னு எல்லாத்தையும் நடு சென்டர்ல நிறுத்திட்டே. இனி எவன் எந்தப் பக்கம்னு யாருக்குத் தெரியும்? கணக்கு முடியிற வரைக்கும் அழகு பண்ணாதே. பிடிச்ச பிறகு, ரீப்ளேஸ்ல '/-'ஐயும் 'ரூ.'வையும் எடுத்துவிட்டா எண்ணாத் திரும்பிரும்.

அப்புறம் தேதி. இதுல நீ பண்ணியிருக்கிற கூத்துக்கு டிக்கெட்டே போடலாம். 2019-ல ஆகஸ்ட் 5-ந் தேதி, ஆடி மாசம், நம்ம மொய் விருந்து. நீ 05/08/2019-னு அடிச்சே. உன் லேப்டாப் அமெரிக்கா வழக்கத்துல மாசத்தை முன்னால வைக்கிறது. அது மே 8-ன்னு எடுத்துக்கிச்சு. ஆடி விருந்து சித்திரைக்குப் போயிருச்சு, கத்தரி வெயில்ல கிடா வெட்டின மாதிரி கணக்கு நிக்குது. அதே மாசம் 25-ந் தேதி நடந்த காதுகுத்துக்கு 25/08/2019-னு அடிச்சிருக்கே. இருபத்தஞ்சாவது மாசம் எந்த நாட்டுலயும் இல்லாததால, அதைத் தேதியாவே எடுத்துக்காம எழுத்தா விட்டுருச்சு. பாதி தேதி தப்பான மாசத்துல, மீதி தேதி தேதியே இல்ல. 'கஜா புயலுக்கு அப்புறம் வந்த மொய் மட்டும் எவ்வளவு?'ன்னு நான் கேட்டப்போ, 2018 நவம்பர் 16-க்குப் பிறகுன்னு ஃபில்டர் போட்டு ஒரு தொகை சொன்னியே, அது எந்த ஊர்க் கணக்குன்னு இப்பப் புரியுதா? மேற்படி ஊர்க் கணக்கு.

இனிமே அடிக்கிறப்போ மாசத்தை எண்ணாப் போடாம இங்கிலீஷ்ல 'ஏ-யூ-ஜி'ன்னு மூணு எழுத்துப் பேரா அடி. குழப்பமே வராது. ஏற்கனவே அடிச்சதுல எழுத்தா நிக்கிறதை 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' உள்ள போய் கடைசிப் படியில தேதி, நாள்-மாசம்-வருஷம்னு சொல்லித் திருப்பலாம். தப்பான மாசத்துக்குப் போனது இருக்கே, அதுதான் ஆபத்து. அது பார்க்க நல்ல தேதியாவே இருக்கும். அதுக்கு நோட்டைத் திறந்துதான் ஆகணும். நோட்டைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடலாம்னு சொன்னியே, போட்டியா? போடலை. நான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கேன்.

எக்ஸெலுக்குள்ள தேதிங்கிறது உண்மையில வெறும் எண்ணுதான். 1900 ஜனவரி 1 அதுக்கு ஒண்ணு. அங்கேருந்து நாளா எண்ணிக்கிட்டே வருது. 2025 ஜனவரி 1-ஐப் பிடிச்சு எண்ணா மாத்திப் பாரு, 45658-னு காட்டும். அதனாலதான் ஒரு தேதியிலேருந்து இன்னொரு தேதியைச் சும்மா கழிச்சா எத்தனை நாளாச்சுன்னு வருது. யாரு மொய் வாங்கி எத்தனை வருஷமா வாயே திறக்கலைன்னு பார்க்க ரொம்ப வசதி. இதுல ஒரு வேடிக்கை, 1900 பிப்ரவரிக்கு 29 நாள்னு அது கணக்கு வச்சிருக்கு. அந்த வருஷம் லீப் வருஷமே இல்ல. முன்னாடி இருந்த லோட்டஸ் 1-2-3-ங்கிற கணக்கு சாஃப்ட்வேர் அப்படித் தப்பா எண்ணுச்சு. அதோட ஒத்துப் போகணும்னு மைக்ரோசாஃப்ட்காரனும் அதே தப்பை எடுத்து வச்சுக்கிட்டான். முன்னோர் வழக்கத்தை மாத்தக் கூடாதுங்கிற பழக்கம் நம்ம ஊர்ல மட்டும்தான்னு நினைச்சிருந்தேன்.

எதைப் பார்த்தாலும் தேதியா ஆக்குற வியாதியும் அதுக்கு உண்டு. மனுஷ உடம்புல இருக்கிற ஜீன்களுக்கு விஞ்ஞானிங்க 'மார்ச்1', 'செப்ட்2'ன்னு சுருக்கப் பேரு வச்சிருந்தாங்க. எக்ஸெல் அதையெல்லாம் மார்ச் மாசம் ஒண்ணாந் தேதி, செப்டம்பர் ரெண்டாந் தேதின்னு மாத்தி வச்சிருச்சு. ஆராய்ச்சிக் கட்டுரைங்கள்லயே அந்தத் தேதி ஏறிப் போச்சு. கடைசியில யாரு விட்டுக் கொடுத்தா தெரியுமா? ஜீனுக்குப் பேரு வைக்கிற கமிட்டி 2020-ல ஜீன் பேரையே மாத்திருச்சு, 'மார்ச்எஃப்1', 'செப்டின்2'ன்னு. அதுக்கப்புறம் 2023-லதான் 'தானா மாத்தாதே'ன்னு சொல்றதுக்கு எக்ஸெல்ல ஒரு செட்டிங் கொடுத்தாங்க.

செல்போன் நம்பர் காலத்தைப் பார்த்தேன். நம்பர் நடுவுல ஈ உக்காந்திருக்கு. 9.19ஈ+11, 9.19ஈ+11-னு வரிசையா. மொய்க் கணக்குல ஈ மொய்க்கிறதை இப்பத்தான் பார்க்கிறேன். முன்னால 91 சேர்த்து அடிச்சதால பன்னிரண்டு இலக்கமாச்சு. அவ்வளவு நீளமானதை அது சுருக்கிக் காட்டுது. காலத்தை முதல்லயே 'டெக்ஸ்ட்'னு ஃபார்மேட் பண்ணிட்டு அடி, இல்லாட்டி நம்பருக்கு முன்னால ஒத்தை மேற்கோள் குறி ஒண்ணு போடு. போன் நம்பரை யாரும் கூட்டப் போறதில்ல, அது எழுத்தா இருந்தா ஒண்ணும் குடி முழுகாது. பேங்க் அக்கவுண்ட் நம்பர்லதான் குடி முழுகும். எக்ஸெலுக்கு 15 இலக்கம் வரைக்கும்தான் ஞாபகம். பதினாறு இலக்க நம்பரை எண்ணா அடிச்சா, கடைசி இலக்கத்தைச் சைபராக்கி வச்சுக்கும். முன்னால சைபர் இருந்தா அதையும் முழுங்கிரும். அப்புறம் பணம் யாரு வீட்டுக்குப் போகும்னு அந்தப் பேங்க் மேனேஜருக்கே தெரியாது.

இப்ப உன் பெருமைக்குரிய வி-லுக்கப்புக்கு வருவோம். 'தாத்தா, பேரைப் போட்டா எவ்வளவு மொய்னு அதுவே எடுத்துத் தரும்'னு அன்னைக்கு உங்க சித்தப்பன் முன்னால காட்டினே. அவனும் வாயைப் பொளந்தான். கடைசியில ஒரு சைபர் போடணும் அதுல, நாலாவது இடத்துல. நீ போடலை. போடலைன்னா அது 'கிட்டத்தட்ட இருந்தாப் போதும்'னு எடுத்துக்கும். அகர வரிசையில இல்லாத பட்டியல்ல கிட்டத்தட்டத் தேடினா, யாரோ ஒருத்தன் தொகையைக் கூச்சமே இல்லாம எடுத்துக் கொடுக்கும். சித்தப்பன் பேருக்கு வந்தது ஐயாயிரம். அவன் வச்சது ஐநூறு. அவன் ஏன் வாயைப் பொளந்தான்னு இப்பத் தெரியுதா? புது எக்ஸெல்ல எக்ஸ்-லுக்கப்னு இருக்கே, அது நீ சொல்லாமலே அச்சாத்தான் தேடும். அதைப் பிடிச்சுக்க.

ஆனா மொய்க்கு அதுவும் சரிப்படாது. லுக்கப் எதுவா இருந்தாலும் முதல்ல கண்ட ஆளோட நின்னுரும். ஒரே மனுஷன் உங்க அப்பன் கல்யாணத்துக்கு வச்சான், உன் காதுகுத்துக்கு வச்சான், ஆடி விருந்துக்கும் வச்சான். மூணையும் சேர்க்கணும்னா 'சம்-இஃப்ஸ்'தான். இந்த ஊரு, இந்தப் பேரு, இந்தத் தேதிக்கு மேலேன்னு எத்தனை நிபந்தனை வேணாலும் போடலாம். வந்ததுக்கு ஒரு சம்-இஃப்ஸ், நாம செஞ்சதுக்கு ஒரு சம்-இஃப்ஸ், ஒண்ணுலேருந்து ஒண்ணைக் கழிச்சா யாரு யாருக்குப் பாக்கின்னு சந்தேகமில்லாம நிக்கும். அதுக்கும் முன்னால ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்துரு. கொத்தமங்கலத்துல ஒரே பேருல ரெண்டு பேரு இருப்பான், ஒரே ஆளு சுப்பிரமணியனாவும் வருவான், சுப்ரமணியனாவும் வருவான், சுப்புன்னும் வருவான். நம்பர் மாறாது. ஊருப் பேரை மட்டும் 'டேட்டா வேலிடேஷன்'ல பட்டியலாப் போட்டு வை. அம்புக்குறியை அமுக்கி எடுத்துக்க வேண்டியதுதான், அடிக்கிற வேலையே வேணாம். பட்டியல்ல இல்லாததை அடிச்சா எக்ஸெல் 'இது கிடையாது'ன்னு தடுக்கும். பார்த்தியா, எப்படியோ அதைக் கேள்வி கேக்க வச்சுட்டோம்.

பேருக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு ஒரு ஸ்பேஸ் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. உனக்கும் எனக்கும் அதே பேரு, அதுக்கு வேற பேரு. 'ட்ரிம்' போட்டா முன்னால பின்னால இருக்கிறது உதிர்ந்துரும். சந்தேகமா இருந்தா 'லென்' போட்டு நீளத்தைக் கேளு. தமிழ்ல அடிச்சதுக்கு இது கொஞ்சம் கூத்துக் காட்டும். 'வடகாடு' நமக்கு நாலு எழுத்து. லென் ஆறுன்னு சொல்லும், துணைக்காலையும் உகரக் கொக்கியையும் தனித்தனியா எண்ணும். அதனால ஆறு வந்தா பயப்படாதே, ஏழு வந்தா பயப்படு. இதே காரணத்தாலதான் கீரமங்கலத்துக்காரங்களுக்கு முதல் எழுத்தை மட்டும் 'லெஃப்ட்' போட்டு எடுத்தப்போ 'க'ன்னு வந்துச்சு. 'கீ' வேணும்னா ரெண்டுன்னு சொல்லணும். வாட்ஸப்புலேருந்தோ இன்டர்நெட்லேருந்தோ காப்பி பண்ணி ஒட்டினதுல சில சமயம் வேற ஜாதி ஸ்பேஸ் ஒண்ணு வரும். அது ட்ரிம்முக்கும் அடங்காது. அந்த ஸ்பேஸையே காப்பி பண்ணி ரீப்ளேஸ்ல போட்டு விரட்டணும்.

இந்த ஸ்பேஸாலதான், அச்சாத் தேடின இடத்துல, உன் ஷீட்டுல சில பேருக்கு '#என்/ஏ'ன்னு வந்துச்சு. அதாவது 'இந்த ஆளை எனக்குத் தெரியலை'ன்னு அது வாயைத் திறந்து சொல்லுச்சு. மொத்த ஷீட்டுலயும் அது உண்மை பேசின இடம் அது ஒண்ணுதான். நீ என்ன பண்ணினே? பார்க்க அசிங்கமா இருக்குன்னு 'இஃப்-எரர்' போட்டு வாயை மூடி, பதிலுக்கு சைபர்னு சொல்ல வச்சே. தெரியலைங்கிறதும் சைபருங்கிறதும் ஒண்ணா? சைபர்னா பாக்கி இல்லைன்னு அர்த்தம். அப்படி பாக்கி இல்லாம ஆனவங்க பட்டியல்ல முதல் ஆளு உன் மாமனாரு. அவரு பேருக்குப் பின்னால மட்டும் ரெண்டு ஸ்பேஸ். அது தானா விழுந்துச்சா, யாராவது தட்டினாங்களான்னு நான் கேக்கலை. நான் எதுக்குக் கேக்கணும்? இஃப்-எரரே வேணாம்னும் சொல்லலை. சைபருக்குப் பதிலா 'நோட்டைப் பார்'னு எழுதச் சொல்லு. அது போதும்.

டாலர் குறியைச் சொல்லாம விட்டுட்டேன். திருப்பிச் செய்யிறப்போ பழசோட புதுசா எவ்வளவு சேர்க்கணும்னு ஒரு கட்டத்துல, ஹெச்1-ல, 50 சதவீதம்னு போட்டுட்டு, முதல் வரியில சி2-ஐ ஹெச்1-ஆல பெருக்கினே. முதல் ஆளுக்குச் சரியா வந்துச்சு. கீழே இழுத்ததும் எல்லாருக்கும் சைபர். ஃபார்முலா ஒரு வரி இறங்கினா அதுல இருக்கிற முகவரியும் ஒரு வரி இறங்கும். ஹெச்2, ஹெச்3-ன்னு வெறும் கட்டத்துல போய் நிக்கும். மேய விட்ட மாட்டுக்கு முளையடிக்கிற மாதிரி, ஹெச்1 மேல நின்னு எஃப்4 தட்டு. $ஹெச்$1-னு ஆயிரும், இனி எங்கே இழுத்தாலும் அங்கேயே நிக்கும். இன்னொரு தடவை தட்டினா வரி மட்டும் கட்டுப்படும், அதுக்கும் மேல தட்டினா காலம் மட்டும், இன்னொண்ணு தட்டினா அவிழ்ந்துரும். லேப்டாப்ல சில நேரம் பக்கத்துல இருக்கிற எஃப்என் பட்டனையும் சேர்த்து அமுக்கணும். இல்லாட்டி வெளிச்சம் கூடும், சத்தம் குறையும், டாலர் மட்டும் வராது.

வரிசைப் படுத்துறதைப் பத்தி ஒரு வார்த்தை. தொகைக் காலத்தை மட்டும் செலக்ட் பண்ணிட்டு பெருசுலேருந்து சிறுசுன்னு அடிச்சியாமே. அப்போ எக்ஸெல் ஒரு பொட்டியைக் காட்டிக் கேக்குது, 'பக்கத்துல இருக்கிறதையும் சேர்த்துக்கவா?'ன்னு. அதிசயமா அது கேள்வி கேட்ட ஒரு நேரம், நீ 'வேணாம், இதை மட்டும் பண்ணு'ன்னு சொல்லியிருக்கே! பேரு அங்கேயே நிக்குது, தொகை மட்டும் இடம் மாறிப் போச்சு. பத்தாயிரம் வச்சவன் நூத்தியொண்ணுல நிக்கிறான். இதைச் சேவ் பண்ணி, மூடி, ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தா, அடுத்த ஆடிக்கு நம்ம பந்தல்ல நாமதான் சாப்பிட்டிருக்கணும். எப்பவும் பட்டியலுக்குள்ள ஒரு கட்டத்துல சும்மா நின்னுக்கிட்டு வரிசைப்படுத்து. ஓரத்துல வரிசை எண்ணுன்னு ஒரு காலம் வச்சுக்க, 1, 2, 3-னு. எப்படிக் கலைச்சாலும் நோட்டு வரிசைக்குத் திரும்பலாம். தலைப்புல நாலு கட்டத்தை மெர்ஜ் பண்ணி 'ஸ்ரீராமஜெயம்'னு போட்டிருக்கியே, பக்திக்குக் குறை சொல்லலை, அதைப் பட்டியலை விட்டு ஒரு வரி தள்ளி மேலே வை. நடுவுல மெர்ஜ் பண்ணின கட்டம் இருந்தா வரிசைப்படுத்தவே மாட்டேங்கும்.

இதுக்கெல்லாம் சேர்த்து ஒரு மருந்து இருக்கு. பட்டியலுக்குள்ள நின்னு கன்ட்ரோலோட டி தட்டு. டேபிளுக்கு வர்ற டி, டாலருக்கு வர்ற டி இல்ல. மொத்தமும் ஒரே டேபிளாயிரும். பிறகு வரியெல்லாம் பிரியாம ஒண்ணாவே நகரும். கீழே புதுசா ஒரு ஆளைச் சேர்த்தா ஃபார்முலாவும் தானா இறங்கும், கூட்டலும் அவனைச் சேர்த்துக்கும். உன் கூட்டல் சி400-ஓட நிக்குது. அதுக்குக் கீழே இன்னும் எத்தனையோ பேரு கையில கவரோட நிக்கிறாங்க, நீ பந்தியை முடிச்சுட்டே.

வருத்தப்படாதே, பெரிய இடத்துலயும் நடந்திருக்கு. கார்மன் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள். நாட்டுக் கடன் உற்பத்தியில 90 சதவீதத்துக்கு மேலே போனா வளர்ச்சி விழுந்துரும்னு 2010-ல எழுதினாங்க. பல நாட்டு மந்திரிங்க அதைக் காட்டியே செலவைக் குறைக்கணும்னு பேசினாங்க. 2013-ல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல தாமஸ் ஹெர்ண்டன்னு ஒரு மாணவன் வீட்டுப் பாடத்துக்காக அந்த எக்ஸெல் ஷீட்டை வாங்கிப் பார்த்தான். சராசரி எடுத்த ஃபார்முலா 30-வது வரியிலேருந்து 44-வது வரியோட நிக்குது. 49 வரைக்கும் போயிருக்கணும். ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க், அஞ்சு நாடு வெளியே நிக்குது. அது மட்டும் காரணமில்ல, வேற குறையும் இருந்துச்சு. எல்லாத்தையும் திருத்தினப்போ மைனஸ் 0.1 சதவீதம்னு சொன்ன வளர்ச்சி 2.2 சதவீதமாச்சு. நம்ம ஷீட்டைப் பார்க்க அப்படி மாணவன் யாரும் வரலை, நான்தான் இருக்கேன்.

இங்கிலாந்துல 2020-ல இன்னும் மோசம். கொரோனா வந்தவங்க பட்டியலைப் பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல்ல ஏத்தியிருக்காங்க. அதுல 65,536 வரிதான் பிடிக்கும். மிச்சம் விழுந்துருச்சு. 15,841 பேரு கணக்குல வராமப் போய், அக்டோபர் தொடக்கத்துல கண்டுபிடிச்சாங்க. அவங்களோட பழகினவங்களைத் தேடுற வேலையும் அத்தனை நாள் தள்ளிப் போச்சு. இப்ப இருக்கிற ஃபைல்ல 10,48,576 வரி இருக்கு. நம்ம மொய்க்குத் தாராளம். உன் கல்யாணத்துக்கு உன் மாமியார் வீட்டுலேருந்து வந்த கூட்டத்தை நினைச்சாத்தான் கொஞ்சம் யோசனையா இருக்கு.

வடகாட்டை மட்டும் ஃபில்டர் போட்டுப் பார்த்தும் கூட்டல் மாறலைன்னு முழிச்சியே. 'சம்' ஒளிஞ்சிருக்கிறதையும் சேர்த்துத்தான் கூட்டும். 'சப்டோட்டல்' போட்டு உள்ளே 109-னு சொல்லு, கண்ணுக்குத் தெரியிறதை மட்டும் கூட்டும். ஃபார்முலா நீளமாப் போய்ப் புரியலைன்னா, மேலே பட்டையில ஒரு துண்டை மட்டும் செலக்ட் பண்ணி எஃப்9 தட்டு, அந்தத் துண்டுக்கு என்ன விடைன்னு அங்கேயே காட்டும். பார்த்துட்டு எஸ்கேப் தட்டணும். மறந்து என்டர் தட்டினே, அந்தத் துண்டு ஃபார்முலா போயிரும், அதோட விடை மட்டும் கல்வெட்டா நின்னுரும். அப்புறம், எஸ்கேப்புக்குக் கீழே, ஒண்ணுக்குப் பக்கத்துல ஒரு சாய்ஞ்ச கோடு இருக்கு பாரு, அதைக் கன்ட்ரோலோட தட்டு. ஷீட்டுல விடையெல்லாம் மறைஞ்சு ஃபார்முலாவாத் தெரியும். எல்லாக் கட்டத்துலயும் ஃபார்முலா இருக்கிற காலத்துல ஒரே ஒரு கட்டத்துல மட்டும் மொட்டை எண்ணு நின்னா, அங்கே யாரோ கையால அடிச்சிருக்கான்னு அர்த்தம். நேத்து ராத்திரி நீங்க எல்லாம் தூங்கினதும் நான் அதைத் தட்டிப் பார்த்தேன். ஒரு கட்டம் கிடைச்சுது. யாரு பேருக்கு நேரேன்னு நான் சொல்லலை.

சரி, ட்ரிம் போட்டுட்டியா? இஃப்-எரரை எடுத்துட்டியா? சம்-இஃப்ஸ் போட்டு, நமக்கு வர வேண்டிய பாக்கியைப் பெருசுலேருந்து சிறுசா அடுக்கு. இந்தத் தடவை பட்டியலோட சேர்த்து அடுக்கு. ம். முதல் வரியில யாரு? மெதுவாச் சொன்னாலும் பரவாயில்ல, சொல்லு.

ஆடி பொறக்கப் போகுது, எனக்கு இதை பிரிண்ட் எடுத்துக் கொடு. பேஜ் லேஅவுட்ல 'ஹெடிங்ஸ்'னு ஒண்ணு இருக்கும், அதுக்குக் கீழே 'பிரிண்ட்'ல டிக் பண்ணிட்டு எடு. ஓரத்துல வரி நம்பரும் சேர்ந்து அச்சாகும். வரியை 'ஹைட்' பண்ணினா பேரு மறைஞ்சுரும், நம்பரு மட்டும் 1-க்கு அப்புறம் 3-ன்னு குதிக்கும். எனக்குக் கண்ணு மங்கல்தான், ஆனா ரெண்டு வரைக்கும் எண்ண வரும். உன் பொண்டாட்டியை இப்பவே கூப்பிடாதே, முதல்ல பேப்பர் இருக்கான்னு பாரு.